ஊரைச் சொல்லி நுழைந்தவர்

எந்த வாசலிலும் அவர் ஓசையின்றி நுழைந்ததை நான் கண்டதில்லை. ஒருமுறை பொன்னேரியில் ஒரு பல் மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றிருந்தேன். கன்னம் வீங்கி, வாயைத் திறக்கவே இயலாத நிலை. ஆயினும் மருத்துவரின் அறை வாசலில் நின்று, இரு கைகளையும் விரித்துக் காட்டி, தம் ஊரின் பெயரை உரக்கச் சொன்னார். பிறகு, "பல்லு காட்ட வந்தேன்" என்றார். உள்ளே நாற்காலியில் வாயைப் பிளந்தபடி சாய்ந்திருந்த ஓர் அம்மாள் திடுக்கிட்டு மருத்துவரின் விரலைக் கடித்துவிட்டார்.

"யோவ், கூப்ட்டா வரணும்யா! இன்னா ஏலமா உடுற?" என்று மருத்துவர் கத்தினார்.

"சொல்லாம பூர்றதுக்கு நான் இன்னா திருடனா டாக்டரே?" என்று இவர் வீங்கிய வாயால் கேட்டார்.

மற்றொரு நாள் டூரிங் கொட்டகையில் படம் தொடங்கிக் கால்மணி நேரம் கழித்து நுழைந்தோம். இருட்டில் தட்டுத்தடுமாறி நின்று அங்கேயும் ஊரின் பெயரைச் சொன்னார். "குந்து நைனா, உங்க ஊரு பஸ்ஸு பூட்ச்சு" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பதில் வந்துவிட்டது என்ற நிறைவுடன் மணலில் அமர்ந்தார்.

அவர் ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு ஊரின் மீனவர். நான் பழவேற்காட்டில் முஸ்லிம்கள் வாழும் தெருவில் வலைநூல் கடை வைத்திருந்தவன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர் ஆதலால் நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைப் பாய் என்பார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவரே எங்கும் தம் பெயரை முன்வைத்தவரல்லர், ஊரைத்தான் சொன்னார்.

ஏரியின் முறையை அறியாதவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஏரியில் மீன் கிடைக்கும் நல்ல இடங்களை எங்கள் பகுதி மீனவர்கள் ஊர்வாரியாக முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்ன இடம், இன்ன நாளில், இன்ன ஊருக்கு என்று சீட்டுப் போட்டு முடிவாகும். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். அடுத்த ஊரின் பாட்டுக்குள் படகு போக நேர்ந்தால், ஊன்றித் தள்ளும் கழியை நீரிலிருந்து எடுத்துப் படகின் குறுக்கே கிடத்திவிட்டு, கைகள் இரண்டும் வெறுங்கையாகத் தெரியும்படி எழுந்து நின்று, மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று அவருடைய தந்தை அவரைப் பழக்கியிருந்தார். எந்த ஊர், எதற்கு வந்தோம், வலை நனையவில்லை. வலை நனையவில்லை என்றால், உன் மீனில் நான் கை வைக்கவில்லை என்று பொருள். மற்றவர்கள் இதை ஏரியில் மட்டும், அதுவும் தவிர்க்க முடியாதபோது மட்டும் கடைப்பிடித்தார்கள். அவர் ஒருவரே தரையிலும் கடைப்பிடித்தார். அவர் கண்ணுக்கு உலகத்தின் ஒவ்வோர் இடமும் யாரோ ஒருவருடைய பாடு.

எழுபதுகளில் எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் கால்பந்து அணிகள் இருந்தன. மணல் திட்டில் நான்கு கழிகளை நட்டு, கிழிந்த வலையைப் பின்னால் தொங்கவிட்டால் மைதானம் தயார். அவர் தம் ஊர் அணியின் கோலி, கோலைக் காப்பவர். முறம் போன்ற கைகள். உப்பு நீரில் ஊறித் தடித்த விரல்கள். அந்தக் கைகளுக்குள் வந்த பந்து வெளியே போனதில்லை என்று சொல்வது மிகையாகாது. அடுத்த ஊருக்கு ஆடப் போனால், ஆட்டம் தொடங்குமுன் எதிரணியின் கோலைத் தேடிப் போய், கழியைத் தொட்டு, ஊரைச் சொல்லிவிட்டு வருவார். ஒரு முறை அந்த ஊர்க்காரர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள். "கழியத் தொட்டு இன்னாவோ மந்திரம் போட்டுட்டான்டோய்!" என்று ஒருவன் கூவ, பந்து உருளுமுன்பே அடிதடி உருண்டது. புருவத்தில் ஐந்து தையல். தையல் போட்டுக்கொண்டு படகில் திரும்புகையில் நான் கடிந்துகொண்டேன்.

"இனிமேலாவது வாய மூடிகினு ஆடு ண்ணே."

"அவனுக்குச் சரியா காதுல உழல பாய். அடுத்த தபா கொஞ்சம் சத்தமா சொல்லணும்."

அதுதான் அவர். அடி விழுந்தால் குரல் போதவில்லை என்று எண்ணுவாரே தவிர, குரல் கொடுத்தது பிழை என்று ஒருநாளும் எண்ணமாட்டார். அந்த நம்பிக்கைக்கு வெளிநாட்டில் ஒரு பொய்ச் சான்றைத் தேடிக் கொடுத்தவன் நான். அதைச் சொல்லவே இவ்வளவு எழுதுகிறேன்.

எழுபதுகளின் இறுதியில் நாங்கள் இருவரும் வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போனோம். ஒரு மீன்பிடிப் படகில் அவர் வலையாள், நான் சமையல். எங்கள் துறைமுக ஊரில் ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. படகோட்டிகளின் பிள்ளைகள் நீலச் சட்டையில் ஆடுவார்கள். எங்கள் படகுத் தலைவரின் தம்பிதான் அதன் கோலி. மாலை வேளைகளில் இவர் கடற்கரையில் அந்த இளைஞனுக்குப் பந்தை எறிந்து பழக்குவார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. "குனி! குனி! மெதுவா!" என்று இவர் தமிழில் கத்துவார், அவன் சரியாகக் குனிவான். அந்த நாட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வேளைகளில் மட்டுமே.

துறைமுகத்தாருக்குப் பரம வைரி, ஒரு மணிநேரப் பயணத்தில் இருந்த கோட்டை நகரத்துக் கழகம். அவர்களுடையது மஞ்சள் சட்டை. முந்தின ஆண்டு அவர்கள் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்குப் பின், துறைமுகத்தார் வந்த பேருந்துகளில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. இந்த ஆண்டின் கடைசி ஆட்டமும் அங்கேயே என்று ஆனதும் படகுத் தலைவர் எங்களைக் கூப்பிட்டு எச்சரித்தார். அவருடைய பேச்சின் சாரம் இது: அங்கே போகாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. வம்பில் அகப்பட்டால் அவர் உங்களுக்காக வாதாட மாட்டார், விமானத்தில் ஏற்றிவிடுவார்.

நான் போக வேண்டாம் என்றே சொன்னேன். அவர் கேட்கவில்லை. "நான் எறிஞ்ச பந்த புட்ச்ச கை அது. அவன் இன்னிக்கு இன்னா பண்றான்னு பாக்காம சோறு எறங்குமா?" என்றார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஒரு தண்ணீர் லாரியில் இடம் கேட்டு ஏறிப் புறப்பட்டோம்.

மைதானத்துக்கு இரண்டு வாசல்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை. குர்ஆன் ஓதும் பள்ளியில் அரபு எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான்; பொருள் கற்கவில்லை. ஆயினும் அவர் முன்னால் படித்தவன் போல நடந்துகொள்ளும் ஒரு பெருமை எனக்கு இருந்தது. பலகையைத் தெளிவாக ஓதினேன். "இந்த வாசல்தான்" என்றேன். சிமெண்டுப் படிகளில் நடு வரிசையில் போய் அமர்ந்து, பக்கத்தில் இருந்தவர்களோடு தோள் உரச நெருக்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தபோதுதான் உணர்ந்தேன். எங்களைச் சுற்றி அலையடித்த கொடிகள் யாவும் மஞ்சள். நீலம் எதிர்ப்புறத்தில், வேலிக்கு அப்பால், ஒரு மூலையில் இருந்தது.

"பாய்," என்றார் அவர். "இன்னா எல்லாம் மஞ்சளா கீது?"

"பேசாத ண்ணே. வாசல் மாறிப் போச்சு."

"அப்ப இது அவங்க பாடு."

"ஆமா. பேசாம குந்து. ஆட்டம் முடிஞ்சதும் கூட்டத்தோட நழுவிடலாம்."

"சொல்லணுமே."

"சொன்னா கொன்னுடுவான்."

"சொல்லாம குந்தினாதான்யா கொல்லணும்."

அவருடைய தொடையை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்கியது. எங்களுக்கு முன் வரிசையில் இளைஞர்கள் கொடிக்கம்புகளுடன் குதித்தார்கள். பின்னால் ஒரு பெரிய மேளம் எங்கள் முதுகெலும்பில் அதிர்ந்தது. அவர் ஆட்டத்தைப் பார்க்கவேயில்லை. தலை குனிந்து, கால் கட்டைவிரலால் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நீலச் சட்டைக்காரன் ஒருவன் கோல் போட்டான். எதிர் மூலை ஆர்ப்பரித்தது. எங்களைச் சுற்றி ஆயிரம் பேர் பற்களைக் கடித்தார்கள். அப்போதும் அவர் நிமிரவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. திருட்டு மீனோடு பிடிபட்டவனின் முகம் எப்படியிருக்கும் என்று நான் அறிவேன்; அதுவே அந்த முகம்.

பிறகு என் கையை மெல்ல எடுத்து என் மடியில் வைத்தார். எழுந்தார். இரு கைகளையும் விரித்தார்.

"பழவேற்காட்டு ஏரி! தொறமொகத்து ஆளு! பாக்க வந்தோம்! வலை நனையல!"

காற்றில் ஏரியின் மறுகரைக்குக் கேட்கும் குரல் அது. மேளம் நின்றது. முன்வரிசை முழுவதும் திரும்பியது. ஓர் இளைஞன் கொடிக்கம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலேறினான். என் வலப்பக்கம் ஒரு முதியவர் கைத்தடியுடன் அமர்ந்திருந்தார். இளவயதில் பாய்மரக் கப்பலில் பம்பாய் வரை போய்வந்தவர் போலும். தெளிவான இந்துஸ்தானியில் என்னைக் கேட்டார்.

"உன் ஆள் என்ன சொல்கிறான்?"

சென்னையில் சில காலம் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்த எனக்கு அந்த மொழி தெரியும். அக்கணம் அது தெரியாமல் இருந்திருக்கலாகாதா என்று இன்றும் எண்ணுகிறேன். கொடிக்கம்பு எங்களிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. பாஸ்போர்ட், விமானம், ஊரில் இருந்த என் மனைவி மக்கள் எல்லாம் ஒன்றாக நெஞ்சில் வந்து முட்டின. அவர் சொன்னவற்றில் எனக்குக் கைகொடுக்கக்கூடிய சொல் ஒன்றே ஒன்று இருந்தது. வலை.

"கடல் தாண்டி உங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார்" என்றேன். "இனி உங்கள் வலையைப் பந்து தொடக்கூடாது என்று ஆண்டவனை வேண்டுகிறார்."

முதியவர் இமைக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு அதை அரபியில் உரக்கச் சொன்னார். சிரிப்பு வரிசை வரிசையாகப் படியேறிப் போயிற்று. கம்போடு வந்த இளைஞனே அவரைத் தழுவிக்கொண்டான். யாரோ ஒருவர் தம் மஞ்சள் துண்டைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். ஏலக்காய் மணக்கும் தேநீர் ஒரு கண்ணாடிக் குவளையில் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. அவர் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தியா பாய்? நீ பயந்துகினியே. எதிராளின்னு சொன்னதுக்கப்புறமும் டீ குட்த்து குந்த வைக்கிறான். எந்தச் சீமையா இருந்தா இன்னா, பாடு பாடுதான்."

எனக்கும் ஒரு குவளை வந்தது, குடித்தேன். நாக்கு சுட்டது.

இரண்டாம் பாதியின் இறுதியில் மஞ்சள் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. போட்டால் சமன். மேளமும் மூச்சும் நின்றன. பந்து இடப்பக்கம் தாழ்வாக வந்தது. படகுத் தலைவரின் தம்பி, கடற்கரையில் எத்தனையோ மாலைகளில் குனிந்தது போலவே குனிந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அப்டிதான்டா கண்ணு!" என்று இவர் துள்ளி எழுந்தார். கழுத்தில் மஞ்சள் துண்டு, முகமெல்லாம் களிப்பு. ஆயிரம் பேர் அமர்ந்திருந்த மௌனத்தில் அவர் ஒருவரே நின்றுகொண்டிருந்தார். ஒரு கை வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பற்றியது.

"அவரும் கோலியாக இருந்தவர்" என்று நான் முதியவரிடம் உளறினேன். "யார் பந்தைத் தடுத்தாலும் மகிழ்வார்."

முதியவர் சட்டையைப் பற்றிய கையைத் தம் தடியால் தட்டி விலக்கினார். எழுந்து, எங்கள் இருவரின் தோள்களிலும் கை போட்டு, ஆட்டம் முடியுமுன்பே படிகளில் இறக்கி, வாசல் கடந்து சாலை வரை கொண்டுவந்து விட்டார். இவர் மஞ்சள் துண்டை நான்காக மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். முதியவர் அதை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் நண்பன் நேர்மையானவன்" என்றார். "நீ கெட்டிக்காரன்."

"இன்னா சொல்றாரு?" என்று இவர் கேட்டார்.

"நல்லபடியா போய்ச் சேருங்கன்றாரு" என்றேன்.

ஊர் திரும்பிய பின் அவர் அதிகம் சொன்ன கதை அதுவே. மிகைப்படுத்த மாட்டார், ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், அதே வரிசை. முடிவில், "பாய கேளு" என்பார். கேட்டவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையசைப்பேன். கடையில், ஓடத்துறையில், திருமண வீட்டுப் பந்தியில் என்று எத்தனை இடங்களில் அசைத்தேனோ தெரியாது. அந்த நாளில் தம்மோடு இருந்தவன் என்பதற்காகவே அவர் என்னை உடன்பிறந்தவனாக நடத்தினார். என் மகள் திருமணத்தன்று விருந்துக்கு வேண்டிய மீன் அத்தனையும் அவர் படகிலிருந்து வந்தது. என்னைக் கண்டால் அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சியைக் காணக் காண எனக்கு உள்ளூர ஏதோ அரித்தது.

எண்பதுகளில் இறால் விலை ஏறியது. ஏரியில் யார் எங்கே வலை போடலாம் என்பதில் சண்டைகள் பெருகின. வடக்கே ஆந்திரப் பக்கத்து ஊர்களுக்கும் எங்கள் பக்கத்து ஊர்களுக்கும் இடையே நீர் சிவந்த நாட்களும் உண்டு. அப்படி ஒரு காலத்தில் அவருடைய மச்சான், தங்கையின் கணவர், வடகரை ஊர் ஒன்றின் எல்லைக்குள் போய் வலை போட்டுவிட்டார். அவர்கள் படகையும் வலையையும் பறித்துக்கொண்டு, ஆளை நீந்தவிட்டு அனுப்பினார்கள். அதற்கு முந்தின மாதம், இதுபோலப் படகு கேட்கப் போன வேற்றூர்க்காரர் ஒருவர் கை முறிந்து திரும்பியிருந்தார்.

செய்தி கேட்டு நான் தீவுக்குப் போனபோது கரையில் பன்னிரண்டு படகுகள் நின்றன. ஆட்கள் கம்பும் கல்லுமாக ஏறத் தயாராக இருந்தார்கள். அவர் நடுவில் நின்று தடுத்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி பேரு போனா பொணம் உழும். நான் மட்டும் போறேன். போய்ச் சொல்லிட்டுக் கேக்குறேன்."

"சொன்னா உட்ருவானா?" என்றான் ஒருவன். "போன மாசம் போனவன் கை இன்னும் கட்டுலதான் கீது."

"அவன் சொல்லாம பூந்திருப்பான். பாஷ தெரியாத அரபுக்காரனே டீ குட்த்து அனுப்சான்டா! தோ, பாய கேளு."

அனைவரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருடைய மனைவி என் எதிரே வந்து நின்றார். அண்ணி அதுவரை அந்தக் கதையைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

"பாய், நீங்க கண்ணால பாத்தீங்களா? மெய்யா உட்டாங்களா?"

பன்னிரண்டு படகுகள் புறப்பட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். அண்ணன் ஒருவரே புறப்பட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். உண்மையைச் சொல்ல அந்த இடத்தில் எனக்குத் துணிவு வரவில்லை.

"பாத்தேன் அண்ணி" என்றேன்.

கம்புகள் தாழ்ந்தன. அவர் படகைத் தள்ளினார். நான் செருப்பை உதறிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நீரில் இறங்கி ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கு? அங்க போட்ல சமச்சும் உனக்குத் தண்ணின்னாலே ஒதறுமே."

"வரேன் ண்ணே."

முற்பகல் வெயில். இடுப்பளவு நீர். அவர் பின்னால் நின்று கழியை ஊன்றித் தள்ள, படகு வடக்கே போயிற்று. தீவு சிறுத்து மறையும் வரை நான் வாய் திறக்கவில்லை. மறுகரையில் குடிசைகளின் கூரை தெரிந்ததும், "நிறுத்து ண்ணே" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கழியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார். முடித்ததும் படகு மெல்லத் தானே ஒரு வட்டம் சுற்றியது.

"வலை நனையலன்னு நான் சொன்னத்த நீ இன்னான்னு சொன்ன?"

"உங்க வலையில பந்து படக்கூடாதுன்னு நீ வேண்டிக்கிறேன்னு."

"அப்ப நான் எதிராளின்னு அவனுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாது ண்ணே. அந்தப் பெரியவருக்கு மட்டும்..."

"டீ குட்ச்சேனே பாய்." அவர் குரல் உயரவில்லை. "ரெண்டு கையாலயும் வாங்கிக் குட்ச்சேனே. திருடனா குந்திகினு."

"அடிச்சிருப்பாங்க ண்ணே."

"அடிச்சிருந்தா ஆறிப் பூட்டிருக்கும்."

நான் திரும்பிவிடலாம் என்றேன். அவர் கரையைப் பார்த்தார். பிறகு வந்த வழியைப் பார்த்தார்.

"திரும்பிப் போய் இன்னான்னு சொல்லுவ? உன் வார்த்தைய நம்பித்தானே பன்னெண்டு படகு நிக்குது. அத்தினியும் கெளம்பி வரும்." கழியை மீண்டும் ஊன்றினார். "இந்த தபாவும் நீயே சொல்லு. நான் சொல்றத்த அப்டியே சொல்லு. தெலுங்கு எனக்கும் தெரியும். ஒரு சொல்லு மாறினா கேக்கும்."

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கழியை எடுத்துக் குறுக்கே கிடத்தினார். கரையில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஒருவன் கையில் மீன் குத்தும் ஈட்டி இருந்தது. நான் எழுந்து நின்றேன். அந்தச் சிறு படகில் நிற்கப் பழகாத கால்கள்.  கைகளை விரித்தேன். என் ஊரை, அவருடைய ஊரை, பிடிபட்ட படகு அவருடைய மச்சானுடையது என்பதை, கேட்டுப் போக வந்தோம் என்பதை அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் தெலுங்கில் கூவினேன். கடைசியாக, "வல தடவலேது" என்றேன். வலை நனையவில்லை. வலை என்பது இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல். ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை.

ஒரு கல் வந்து படகின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. அவர் அசையவில்லை. அடுத்த கல் என் தோளில் விழுந்தது. வலி தெரிவதற்குள், தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் கரையில் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்தினார். முழங்காலளவு நீருக்குள் வந்து நின்று என்னிடம் தெலுங்கில் கேட்டார்.

"இன்று உங்கள் வலை நனையவில்லை, சரி. அன்று அவனுடைய வலை?"

மச்சான் வலை போட்டது எங்கள் இருவருக்கும் தெரியும். ஏழு ஆண்டுகளுக்கு முன் என் நாவில் வந்து அமர்ந்த அதே சாமர்த்தியம் இப்போதும் வந்தது: காற்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டது எனலாம், இருட்டில் எல்லை தெரியவில்லை எனலாம். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. கிடத்திய கழியின் மேல் கண்ணை வைத்து நின்றார்.

"தடிசிந்தி" என்றேன். நனைந்தது.

கரையில் ஓர் இரைச்சல் எழுந்தது. பெரியவர் திரும்பிப் பார்க்காமலே கையை மறுபடி உயர்த்தினார். நெடுநேரம் எங்களை வெயிலில் அப்படியே நிற்க வைத்தார்கள். தங்களுக்குள் கூச்சலிட்டுப் பேசிக்கொண்டார்கள். வெயில் சாயத் தொடங்கியபின் இரண்டு பேர் மச்சானின் படகைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் படகின் பின்னால் கட்டினார்கள். வலையைக் கொடுக்கவில்லை. தேநீரும் கொடுக்கவில்லை. அவர் இருவரையும் பார்த்துக் கும்பிட்டார். திரும்பும் வழியில் என் தோளைத் தொட்டுப் பார்த்து, "எலும்பு ஒட்யல" என்றார். 

தீவில் அனைவரும் கரையிலேயே காத்திருந்தார்கள். பின்னால் வரும் படகைக் கண்டதும் ஆரவாரம். அவருடைய மனைவி நீருக்குள்ளேயே ஓடி வந்து படகின் முனையைப் பிடித்துக்கொண்டார்.

"அரபு நாட்ல சொன்ன மாதிரியே சொன்னியா மாமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"அரபு நாட்ல நான் சொல்லல" என்றார் அவர். "நான் சொன்னது அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்ல. பாய்தான் ஒன்னு சொன்னாரு. இன்னா சொன்னாருன்னு அவரையே கேளுங்க."

கயிற்றை எடுத்துக்கொண்டு மச்சானின் படகைக் கட்டப் போய்விட்டார்.

பன்னிரண்டு படகுகளின் ஆட்களும் என் பக்கம் திரும்பினர். அண்ணியும் படகின் முனையை விடாமல் என்னைப் பார்த்தார். நான் இறங்கி, ஈர வேட்டியோடு அவர்கள் நடுவே போய் நின்றேன். அண்ணியின் முகத்தைப் பார்த்துத் தொடங்கினேன். மைதானத்தில் அவர் கூவியதையும், நான் அதை மாற்றியதையும், காலையில் இதே இடத்தில் அண்ணியிடம் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.  அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, முளையில் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். படகு கட்டி முடிந்து வெகுநேரம் ஆன பிறகும், நான் முடிக்கும் வரை, அந்த முடிச்சைவிட்டு அவர் நிமிரவில்லை.